ரூபாய்க்குப் பன்னெண்டணா

"கோனிய எங்கடி வச்ச" என்று ஹெப்சிபா கத்தினால்
பெஞ்சில் இருப்பவர்கள் சாக்குப்பையைத் தேடுகிறார்கள்.
நாங்கள் தேடுவது கோனியோமீட்டரை:
இரண்டு பிளாஸ்டிக் கை, நடுவில் ஒரு திருகு.
மனித மூட்டு எவ்வளவு தூரம் போகும் என்று
அதற்குத்தான் தெரியுமாம்.

இரண்டாம் வருஷம்.
பனகல் ரோட்டு ஆஸ்பத்திரியில்
செவ்வாயும் வெள்ளியும் எனக்குத் தோள்கள்.
ஹாஸ்டல் அவுட்பாஸில் இன்னும் அம்மாவின் கையெழுத்து.
கேஸ் ஷீட்டின் அடியில் என்னுடையது.

சிக்கந்தர் அண்ணனுக்கு வலது தோள்.
சிம்மக்கல்லில் பரோட்டா மாஸ்டர், பதினெட்டு வருஷம்.
யானைக்கல் பாலத்தில் மழைக்கு வண்டி சறுக்கி
எலும்பு விட்டு, பிளேட் வைத்து, தையல் ஆறி
மூன்று மாதம் தாண்டிவிட்டது.

"பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குது?"
"ரூபாய்க்குப் பன்னெண்டணா வலிக்குதும்மா."
அணாவுக்குக் கட்டம் இல்லை.
பன்னெண்டைப் பதினாறால் வகுத்துப் பத்தால் பெருக்கி
ஏழரை என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தவர் சிரித்தார்:
"சரியாத்தான் போட்ருக்க. ஏழரைதான் நடக்குது."

தூக்கச் சொன்னால் எழுபது பாகை.
போன செவ்வாய் எழுபது. அதற்கு முந்தினதும்.
எழுபதில் உதடு மடியும்,
கண் என் முகத்துக்கு வந்து நிற்கும்.

மனோதத்துவம் எனக்கு அரியர்.
முப்பத்தொன்பது மார்க்.
வலிக்குப் பயந்தவன் அசைய மாட்டான்,
அசையாதது இறுகும், இறுகினது வலிக்கும் என்று
வட்டம் போட்டு அம்புக்குறி வைத்து
அழகாகத்தான் வரைந்தேன். மீதிக்கு நேரம் இல்லை.

அம்மாவுக்குத் தெரியாது.
மேலூர் ரேஷன் கடையில் எடை போடுகிறாள்.
ஒன்பது மணிக்கு போன். "எல்லாம் பாஸ்தானே?"
"ம்."
அந்த "ம்"மை எந்தக் கருவியில் வைத்துப் பார்ப்பது?

இந்த வெள்ளி,
ஹெப்சிபா பீரோவை இழுத்துத் திறந்ததில்
மேலே வைத்திருந்த பந்து உருண்டது.
கீழே தரையில், யாருடைய குழந்தையோ,
பிஸ்கட் கவரோடு.

சிக்கந்தர் அண்ணன் கை போனது.
வலது கை.
வீசின மாவு திரும்பி வருவதற்குள்
எங்கே போய் நிற்குமோ அங்கே.
கோனி வைக்காமலே தெரிந்தது,
நூற்றிமுப்பது. குறைந்தால் நூற்றிருபத்தைந்து.

குழந்தை பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.
அவர் பந்தை இடது கைக்கு மாற்றினார்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"நடிக்கலம்மா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.
"நீ கேட்டாத்தான் வலிக்குது."
பிறகு, பந்தை உருட்டிக்கொண்டே:
"ராத்திரி மூணு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவேன்.
எம்மக தூங்கிக் கெடக்கத்தான் பாத்திருக்கேன்.
இந்த மூணு மாசமா
ஒரே தட்டுல சோறு திங்கிறா."

பேனாவைத் திறந்து மூடினேன்.
இதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு,
படித்தபோது அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.
எழுபது என்று எழுதலாம். யார் கேட்கப்போகிறார்கள்.

"கேட்டால் எழுபது. கேட்காதபோது நூற்றிருபத்தைந்து"
என்று எழுதி
அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
என் பெயரின் கடைசி எழுத்து கோணியிருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை வருவாரா, தெரியாது.

ஒன்பது மணி. மொட்டைமாடி.
"எல்லாம்" என்று ஆரம்பித்தாள் அம்மா.
"ஒண்ணு போச்சும்மா."
எடை முள் நிற்கிற வரைக்கும் பேசாமல் இருப்பாளே,
அப்படி இருந்தாள்.
"எது?"
"மனோதத்துவம்."
"கை கால் படிக்கிறவளுக்கு அது எதுக்குடி?"

சொல்ல ஆரம்பித்தேன்.
கீழே எந்தக் கடையிலோ
கொத்துப் போடத் தொடங்கிவிட்டார்கள்.
"கேக்கல" என்றாள் அம்மா.
"சத்தமாச் சொல்லு."